இன்டரிம் சிஓஓ தேடிக்கிட்டிருக்கற போர்டுக்கு ஒரு திறந்த மடல்

போர்டுல உக்காந்திருக்கறவங்களுக்கும் கம்பெனி ஓனர்களுக்கும் வணக்கம்.

சப்ளை செயின் டிரான்ஸ்ஃபர்மேஷன்னு, அதாவது சரக்கு வாங்கறதுல இருந்து கஸ்டமருக்கு அனுப்பற வரைக்கும் எல்லாத்தையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்தறோம்னு ஆரம்பிச்சது பாதில நின்னுபோச்சு, ஆபரேஷன்ஸ் ஹெட் ராஜினாமா பண்ணிட்டாரு, ஒரு ஆறு மாசம் ஒம்போது மாசத்துக்கு வெளிய இருந்து இன்டரிமா, அதாவது தற்காலிகமா, ஒரு சிஓஓவ (ஆபரேஷன்ஸ் மொத்தத்தையும் பாத்துக்கற தலைமை அதிகாரி) கொண்டு வரலாம்னு பேசிக்கிட்டிருக்கீங்க. கொண்டு வாங்க, நல்ல விஷயம்தான். ஆனா அவரு காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, எத எப்ப எவ்வளவு தயாரிக்கணும்னு திட்டம் போடற பிளானிங் பக்கம் வேலை பாத்த ஒருத்தன் சொல்றதையும் கொஞ்சம் கேட்டுக்கங்க.

ஆள் இல்லாம நின்னுச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க. நான் பாத்த வரைக்கும் முடிவெடுக்க ஆள் இல்லாமத்தான் நிக்கும். சேல்ஸ் இவ்வளவு விக்கும்னு ஒரு ஃபோர்காஸ்ட் வச்சிருப்பாங்க, ஃபைனான்ஸ் பட்ஜெட் நம்பர் வேற, பிளானர் ரெண்டையும் நம்பாம எக்செல்ல தனியா ஒண்ணு வச்சு ஓட்டுவாரு, எந்த நம்பருக்கு பிளாண்ட் ஓடணும்னு கேட்டா அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்பாங்க. பர்ச்சேஸுக்கு ரேட் குறைச்சா போனஸ், அதனால அவங்க மொத்தமா வாங்கிக் குவிப்பாங்க, வேர்ஹவுஸுக்கோ ஸ்டாக்க குறைன்னு டார்கெட். ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்ங்கற மாதிரி கன்சல்டன்ட் பில் மட்டும் மாசாமாசம் தவறாம வந்துக்கிட்டிருக்கும். இந்த சண்டைய எந்த சாஃப்ட்வேரும் தீர்க்காது, சேல்ஸ் ஹெட்டுக்கும் பிளாண்ட் ஹெட்டுக்கும் மேல இருக்கறவங்கதான் தீர்க்கணும், அதாவது நீங்க.

லிட்ல்னு ஜெர்மனி சூப்பர்மார்க்கெட் கம்பெனி, 2011ல ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் பாத்துக்கற எஸ்ஏபி சாஃப்ட்வேரப் போடற புராஜெக்ட் ஆரம்பிச்சு 2018ல கைவிட்டாங்க, சுமார் 50 கோடி யூரோ போச்சுன்னு அப்ப செய்தி வந்துச்சு. சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு, ஸ்டாக்க வாங்குன விலைல கணக்கு வைக்கறது அவங்க பழக்கம், சாஃப்ட்வேரோட ஸ்டாண்டர்ட் முறை விக்கிற விலைல. பழக்கத்த விட மாட்டோம்னு சாஃப்ட்வேர மாத்தி எழுத வச்சாங்க. நம்ம பழக்கத்த மாத்தறதா வேண்டாமாங்கறது ஐடி ஆளு எடுக்கற முடிவா சொல்லுங்க?

ஹெர்ஷீஸ்னு அமெரிக்க சாக்லேட் கம்பெனி கதை இன்னும் பழசு. 48 மாசம் ஆகும்னு சொன்ன சாஃப்ட்வேர் மாத்தற வேலைய 30 மாசத்துல முடிக்கணும்னு நெருக்கி, 1999 ஜூலைல, அதாவது ஹாலோவீன் ஆர்டர் குவியற நேரத்துல, கோ-லைவ் போனாங்க, அதாவது பழச விட்டுட்டு புது சாஃப்ட்வேருக்கு மாறுனாங்க. குடோன்ல சரக்கு இருக்கு, ஆனா அனுப்ப முடியல, 10 கோடி டாலருக்கு மேல ஆர்டர் தவறிப் போச்சு, அந்த காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்துச்சு. இப்படி ஒரு தேதி நெருங்கும்போது "இப்ப வேண்டாம், தள்ளி வைங்க"ன்னு சொல்லணும் பாருங்க, உள்ள இருக்கறவனுக்கு அது வாயில வராது, அவனுக்கு அப்ரைசல் இருக்கு, வீட்டு லோன் இருக்கு. இன்டரிமா வர்றவருக்கு அந்த பயம் இல்ல, நீங்க குடுக்கற காசு முக்கியமா அதுக்குத்தான். அதனால போகப்போக பெர்மனென்ட் பண்றோம்னு ஆசை காட்டாதீங்க, காட்டுனா அவரும் உங்களுக்கு தலையாட்ட ஆரம்பிச்சிடுவாரு.

காண்ட்ராக்ட்ல தெளிவா எழுதுங்க. கோ-லைவ் தேதிய தள்ளி வைக்க அவருக்கு அதிகாரம் இருக்கா, ஓடாத ஐட்டங்கள நிறுத்தலாமா, எவ்வளவு செலவு வரைக்கும் யாரையும் கேக்க வேணாம், புராஜெக்ட்டயே மூடுங்கன்னு சொன்னா கேப்பீங்களா. இதெல்லாம் இல்லன்னா அவரு வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் படிக்கற ஆளுதான், அதுக்கு இவ்வளவு சம்பளம் தேவையில்ல. புராஜெக்ட்ட நடத்தற கன்சல்டிங் கம்பெனியே இன்டரிம் ஆளையும் நாங்களே தர்றோம்னு வந்தா தயவுசெஞ்சு வேண்டாம்னுடுங்க, அவங்க வேலையில இருக்கற ஓட்டைய அவங்க ஆளே வந்து எப்படி உங்ககிட்ட சொல்லுவாரு.

சக்சஸ் ஃபீ விஷயத்துலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. இன்வென்டரிய இத்தன சதவீதம் குறைச்சா போனஸ்னு போடறீங்க, அதவிட சுலபமான டார்கெட் எதுவுமே இல்ல, வாங்கறத நிறுத்துனா போதும். மூணு மாசத்துல ஓடற சரக்கெல்லாம் வித்து தீந்துடும், ஓடாத சரக்கு அப்படியே கெடக்கும், மொத்த நம்பர் அழகா குறைஞ்சிருக்கும், எல்லாரும் கை தட்டுவாங்க, அவரு போனஸ வாங்கிட்டு போன அடுத்த மாசம் கஸ்டமர் ஆர்டருக்கு குடுக்க கைல சரக்கு இருக்காது, அதுக்கு மாட்டறது பிளானர். போனஸ் குடுத்தே ஆகணும்னா, ஆர்டர் சொன்ன தேதிக்கு முழுசா போச்சாங்கறதையும் சேத்து வைங்க, ஒரு பங்க அவரு போயி நாலஞ்சு மாசம் கழிச்சு குடுங்க.

அப்புறம், அடுத்து நிரந்தரமா வரப்போறவர தேடற வேலைய இவரு சேர்ற அன்னிக்கே ஆரம்பிங்க, உள்ள இருந்தே ஒருத்தர எல்லா மீட்டிங்லயும் இவர் பக்கத்துல உக்கார வைங்க. கடைசி வாரத்துல பிபிடி போட்டு பண்றதுக்குப் பேரு ஹேண்ட்ஓவர் இல்லைங்க.

அவரு வர்ற முதல் நாள் சேல்ஸ் ஹெட்டையும் பிளாண்ட் ஹெட்டையும் ஃபைனான்ஸ் ஹெட்டையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு, இனிமே பிளான் நம்பர்ல இவரு சொல்றதுதான்னு உங்க வாயால சொல்லிடுங்க. மெயில்ல வேண்டாம், மெயில்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

இப்படிக்கு,
பழைய பிளானர் ஒருத்தன்