நிமிடங்களை அளந்து கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

துருக்கிக் கால்பந்து வீரர் அர்டா குலேரின் தொடக்க ஆண்டுகளில் கை கொடுத்த அனைவருக்கும், வணக்கம்.

இந்த மடல் குலேருக்கு எழுதப்பட்டதல்ல. அவருக்கு மைதானத்திலேயே கைதட்டல் கிடைத்துவிடுகிறது. 2005 பிப்ரவரி 25 அன்று அங்காராவின் அல்டின்டாக் பகுதியில் பிறந்த பையன், 19 வயதில் ஐரோப்பியக் கோப்பையில் கோல் அடித்தான். அதற்குள் எத்தனை பேர் "இன்றைக்கு இருபது நிமிடம் போதும்" என்று கணக்குப் போட்டிருப்பார்கள்! அந்தக் கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் எங்கள் நன்றி. துருக்கி மொழியில் 'குலேர்' என்றால் 'சிரிப்பார்'. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட நாட்களில் அந்த முகம் பெயருக்கேற்றபடி இருந்திருக்காது. திட்டு வாங்கியவர்கள் நீங்கள்.

முதலில் அங்காராவுக்கு. கெஞ்ச்லெர்பிர்லிகி என்ற பெயருக்கே 'இளைஞர் ஒன்றியம்' என்றுதான் பொருள். 1923இல் தொடங்கிய சிவப்பு-கறுப்பு அணி அது. 2017இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்த இல்ஹான் ஜவ்ஜவ் பணத்தைக் கொட்டிக் கோப்பை வாங்கும் ரகமில்லை. பெயர் தெரியாத ஆட்களைக் கண்டெடுத்து, வளர்த்து, விற்று, அந்தக் காசில் அணியை ஓட்டியவர். அந்தப் பழக்கம் ஊறிய அகாடமிக்குள்தான் குலேர் சிறு பையனாக நுழைந்து, 2019இல் 14 வயதில் வெளியே வந்தார்.

ஒன்பதிலிருந்து பதினான்கு வயது வரையிலான பயிற்சியில் தவறு நடப்பது சுலபம். அந்த வயதில் ஆட்டத்தை வென்று தருபவன் பெரும்பாலும் உடம்பால் பெரியவன். ஞாயிற்றுக்கிழமை முடிவை மட்டும் பார்க்கிற பயிற்றுநர் உயரமான பையனை நடுக்களத்தில் நிறுத்திவிட்டு, ஒல்லியான இடக்காலனை ஓரத்துக்குத் தள்ளுவார், இல்லையென்றால் வீட்டுக்கே அனுப்புவார். ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிற வயதுப் பிரிவுகளில் பிப்ரவரியில் பிறந்தவனுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறந்த மாதம் எலும்பில் சதையை ஏற்றிவிடாது. பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்ப்பது, உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு பந்தைத் தூரத்துக் காலில் வாங்குவது, இரண்டாவது தொடுதலிலேயே பாஸ் போடுவது ஆகியவைதான் சின்ன உடம்புக்குக் கவசம். பதினெட்டு வயதில் இவற்றைப் புதிதாக ஏற்றுவது கடினம். அவன் வளரட்டும் என்று காத்திருந்த பயிற்றுநர்களுக்கு நன்றி.

அகாடமியில் இன்னொருவரையும் யாரும் நினைப்பதில்லை: பதிவேடு எழுதுகிறவர். ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் வேறு நாட்டு அணிக்கு விற்கப்பட்டால், ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை அவரை வளர்த்த அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை வளர்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ரியல் மாட்ரிட் கொடுத்ததாகச் சொல்லப்படும் 20 மில்லியன் யூரோவை வைத்துக் கணக்கிட்டால், சின்ன வயது ஆண்டு ஒன்றுக்கு 50,000 யூரோ. பெரிய அணிக்கு அது சில்லறை. சின்ன அகாடமிக்கோ பந்து, பேருந்து, புல்தரை எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆனால் இந்தப் பணம் பதிவைப் பார்த்துத்தான் வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பையன் யாரிடம் இருந்தான் என்பது சம்மேளனத்தின் பதிவில் விட்டுப்போயிருந்தால், அந்தக் காலத்துக்குரிய பங்கைக் கேட்க ஆதாரம் இருக்காது. பன்னிரண்டு வயதுப் பையனின் அட்டையைச் சரியான நாளில் புதுப்பித்து வைத்த கைகளுக்கும் ஒரு கும்பிடு.

பிறகு இஸ்தான்புல். குலேர் அடுத்து சேர்ந்த பெனர்பாச்சே அணியின் இளையோர் டெரேயாஸியிலும் முதல் அணி சமந்திராவிலும் பயிற்சி எடுக்கிறார்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் காணாமல் போன திறமைகள் ஏராளம். குலேருக்கு 2021 ஜனவரியில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, ஹெல்சின்கியின் எச்.ஜே.கே. அணிக்கு எதிரான யூரோப்பா லீக் தகுதி ஆட்டத்தில் பயிற்றுநர் விட்டோர் பெரேரா அவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். வயது பதினாறரைகூட ஆகவில்லை. மூன்று நாள் கழித்து சூப்பர் லீக்கிலும் இறங்கினார். பெரேரா அந்த ஆண்டு முடிவதற்குள் வேலையை இழந்தார். தன் நாற்காலியே ஆடிக்கொண்டிருக்கும்போது பதினாறு வயதுக்காரனை நம்புவதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

அடுத்து வந்த இஸ்மாயில் கர்தாலின் காலத்தில், 2022 மார்ச் 13 அன்று, அலான்யாஸ்போரை 5-2 என வென்ற ஆட்டத்தில் முதல் லீக் கோல். வயது 17 ஆண்டு 16 நாள். பெனர்பாச்சேக்காக லீக்கில் கோல் அடித்தவர்களிலேயே இளையவர். ஆண்டு நடுவில் அணியை ஏற்றவருக்குப் பிள்ளைகளை வளர்க்கும் கடமை இல்லை, புள்ளி சேர்க்கும் கடமைதான் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்தார் கர்தால்.

மெசுட் ஓசில் 2022 கோடையில் விலகியதும் பத்தாம் எண் சட்டை காலியானது. அதை 17 வயதுக்காரரிடம் கொடுத்தார்கள். இந்த முடிவு எங்களுக்கு இன்றும் உறுத்தல்தான். 2014க்குப் பிறகு லீக் பட்டம் காணாத அணியில் அந்த எண் வெறும் துணியல்ல, பாறாங்கல். ஆனால் எண்ணைக் கொடுத்த அதே அணியில் புதுப் பயிற்றுநர் ஜோர்ஜே ஜெசுஸ் நிமிடங்களைக் கிள்ளித்தான் கொடுத்தார். ரசிகர்கள் கத்தினார்கள். ஜெசுஸின் அணி பந்தை இழந்த இடத்திலேயே பாய்ந்து பறிக்க ஓடும் அணி. அந்த ஓட்டத்துக்கு இன்னும் தயாராகாத கால்களை 90 நிமிடம் வைத்திருந்தால் எழுபதாவது நிமிடத்தில் நடுக்களம் ஓட்டையாகிவிடும். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்ற விதி இங்கே கைகொடுத்தது. எதிரணி களைத்த பிறகு இறங்கும் பையனுக்கு இடமும் கிடைக்கும், தைரியமும் வரும். லீக்கின் கடைசி மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் கட்சி, அதில் மாற்றமில்லை. 2023 ஜூன் 11 அன்று இஸ்மிரில் பாஷாக்‌ஷெஹிரை 2-0 என வென்று துருக்கிக் கோப்பையைத் தூக்கிய இரவில் குலேர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது, ஜெசுஸை எவ்வளவு திட்டுவது என்பதில்கூட எங்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் போயிற்று.

இங்கே முன்னாள் துருக்கி வீரர் நிஹாட் கஹ்வெஜிக்குத் தனியாக ஒரு பத்தி. குலேரின் கதையில் இவர் எங்கே வந்தார் என்று கேட்கலாம். சொல்கிறோம்.

18 வயதுக்கு முன் வீரரை வேறு நாட்டுக்கு மாற்றக்கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை விலக்கு உண்டு. துருக்கி ஒன்றியத்தில் இல்லை. ஆக, 2023 பிப்ரவரி 25 வரை யார் எவ்வளவு காட்டினாலும் குலேர் நகர முடியாது. பெனர்பாச்சேக்கு இரண்டு பருவம் கிடைத்தது இந்த விதியால்தான். பதினெட்டு ஆன பிறகு ஸ்பெயினில் இன்னொரு கதவு இருந்தது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு அணிக்கு மூன்று இடம்தான். பெரிய அணிகளில் அந்த மூன்றையும் பெரும்பாலும் தென் அமெரிக்கர்கள் நிரப்பிவிடுவார்கள். பதினெட்டு வயதுக் கற்றுக்குட்டிக்கு அதில் ஓரிடத்தை எந்த நிர்வாகமும் லேசில் கொடுக்காது.

நிஹாட் 2002இல் ஸ்பெயினின் ரியல் சோசியடாட் அணிக்குப் போனவர். தன்னை அந்த மூன்றுக்குள் எண்ணக்கூடாது என்று அணியும் அவரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2008 ஜூலை 25 அன்று ஆணை வந்தது: ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி வேலையில் இருக்கும் துருக்கி விளையாட்டு வீரரை வேலை நிலைமைகளில் பாகுபடுத்தக்கூடாது, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் விளையாட்டு விதி அவருக்குப் பொருந்தாது. அடிப்படை, 1963இல் கையெழுத்தான ஒப்பந்தமும் அதன் கூடுதல் நெறிமுறையும். அந்த ஒப்பந்தம் கையெழுத்தான ஊர் அங்காரா, குலேர் பிறந்த அதே ஊர். இந்த ஆணை விசாவைக் கையில் கொடுத்துவிடாது. வேலை அனுமதி தனியாக வாங்கத்தான் வேண்டும். வாங்கிய பிறகு மூன்று இடத்துக்கான சண்டை இல்லை. 2023 ஜூலை 6 அன்று ரியல் மாட்ரிட் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது இந்தப் பழைய ஆணையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நிஹாட் ஐயா, வழக்கு நடத்தியவர் நீங்கள், பலனை அறுத்தது அடுத்த தலைமுறை.

மருத்துவக் குழுவுக்கு வருவோம். மாட்ரிட் போன சில வாரங்களிலேயே வலது முழங்காலின் உட்பக்க மெனிஸ்கஸ் கிழிந்தது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் பிறை வடிவத் துண்டு அது. இடக்காலால் உதைப்பவருக்கு வலது கால்தான் ஊன்றுகோல். பந்தை வளைத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஊன்றிய முழங்கால்மேல் உடம்பு திரும்புகிறது. அந்தத் திருகலைத் தாங்குகிற இடத்தில் கிழிசல் என்றால், நடக்க முடிந்தாலும் உதைக்க முடியாது.

முதலில் கத்தியில்லாமல் பார்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது. அங்கே கிழிசல் ஆறக்கூடும். உள் பகுதிக்கு ரத்தம் போவதில்லை, தானாக ஆறாது. வெட்டி எடுத்துவிட்டால் சில வாரங்களில் ஓடலாம், ஆனால் மெத்தை குறைந்த மூட்டு பின்னாளில் தேயும். 18 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு. ஓய்வு பலிக்கவில்லை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதோடும் முடியவில்லை. திரும்பிவர இருந்த நேரத்தில் தொடைத் தசையில் காயம். இப்படி நடப்பது வழக்கம்தான். முழங்கால் சும்மா இருக்கும் வாரங்களில் தொடையின் முன்பக்கத் தசை வேகமாகச் சுருங்கிவிடும். மூட்டு தயார் என்று ஸ்கேன் சொல்லும், தசை தயாராகியிருக்காது. நேர்கோட்டு ஓட்டம், பிறகு திரும்பி ஓடுவது, பிறகு நீளமாக உதைப்பது, பிறகு மோதலோடு பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டிய இடத்தில் ஒரு படி தாண்டினாலும் தசை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முதல் படிக்கே இறக்கி மீண்டும் ஏற்றிய, ரியல் மாட்ரிட்டின் பயிற்சி மையமான வால்டேபெபாஸின் பிசியோக்களுக்கு நன்றி. துருக்கிப் பத்திரிகைகள் தேதி கேட்டு நச்சரித்தபோதும் நீங்கள் அவசரப்படவில்லை.

2024 ஜனவரி 6 அன்று அரான்டினா என்ற சிறிய அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் அறிமுகம். இது அப்போதைய மாட்ரிட் பயிற்றுநர் கார்லோ அன்செலோட்டியின் கைப்பக்குவம். பெரிய ஆட்டத்தில் இறக்கிக் கைதட்டல் வாங்காமல், தடுக்கி விழுந்தாலும் அடிபடாத இடத்தில் நடக்க விட்டார். மார்ச் 10 அன்று செல்டா விகோவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இறங்கி, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் முதல் கோல். ஏப்ரல் 26 அன்று லீக்கில் முதன்முறையாகத் தொடக்க அணியில் இடம். நான்கு நாளில் பயர்ன் மியூனிக்கோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இருந்ததால் மூத்தவர்களுக்கு ஓய்வு. 29ஆம் நிமிடத்தில் கார்வஹால் வலப்பக்கத்திலிருந்து தரையோடு அனுப்பிய பந்தை இடக்காலால் தள்ளினார்; ஆட்டம் 1-0. எதிரணி எது தெரியுமா? ரியல் சோசியடாட், நிஹாட்டின் பழைய வீடு. பருவம் முடிந்தபோது லீக்கில் 10 ஆட்டம், 6 கோல்.

தேசிய அணியில் 2022 நவம்பரில் முதலில் இறக்கிய ஸ்டெஃபான் குன்ட்ஸுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அவருக்குப் பின் வந்த வின்சென்ஸோ மொன்டெல்லாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. 2024 ஜூன் 18 அன்று டோர்ட்முன்டில் ஜார்ஜியாவுக்கு எதிராக 65ஆம் நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியே இருந்து அடித்த அந்த வளைவான கோல், ஐரோப்பியக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்த இளையவர் என்ற ரொனால்டோவின் 2004ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தது. 19 ஆண்டு 114 நாள். ரொனால்டோ 19 ஆண்டு 128 நாள். நாடே கொண்டாடிய அந்தக் கோலுக்கு அடுத்த ஆட்டத்தில், போர்ச்சுகலுக்கு எதிராக, மொன்டெல்லா அவரைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. 3-0 என்று தோற்றதும் விழுந்த திட்டுக்கு அளவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் பாதியைக் காயத்தில் கழித்த கால்கள் அவை. நான்கு நாளுக்கு ஒரு முழு ஆட்டம் கேட்டிருந்தால், ஜூலை 2 அன்று லைப்சிக்கில் ஆஸ்திரியாவுக்கு எதிராக அந்தக் கார்னர்களை அடிக்க ஆள் இருந்திருக்குமா? மெரிஹ் டெமிரலின் இரண்டு கோலும் குலேரின் கார்னரில் தொடங்கியவை. முதலாவது ஒரு நிமிடம் முடிவதற்குள்.

கடைசியாக, மறுபடி அங்காராவுக்கும் டெரேயாஸிக்கும். ஜூலை 6 அன்று பெர்லினில் நெதர்லாந்துக்கு எதிரான கால் இறுதி. 35ஆம் நிமிடத்தில் பந்து குலேரிடம் வந்தது. இடக்காலுக்கு மாற்றினால் தடுப்பாட்டக்காரர் நெருங்கிவிடுவார். மாற்றவில்லை. வலது காலால் தூக்கிப் போட்டார். சமெட் அகாய்டின் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். துருக்கி அன்று 2-1 என்று தோற்றது. ஆனாலும் இடக்கால் இவ்வளவு நன்றாக இருக்கும் பையனிடம், "இன்றைக்கு வலது கால் மட்டும்" என்று சொல்லி, அவன் முகம் சுளிக்கச் சுளிக்க உதைக்க வைத்த பயிற்றுநரே, அந்தப் பந்து உங்களுடையது.

அன்புடன்,
தமிழில் கால்பந்து எழுதும் சிலர்