இனிஷியலை மாற்றினால் தத்து ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

எங்கள் திருமங்கலம் பக்கம் மறுமணம் இப்போது சகஜமாகிவிட்டது, நல்லதுதான், ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் இனிஷியலை மாற்றிவிட்டால் புதுக் கணவர் சட்டப்படியும் அப்பா ஆகிவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக மாட்டார். விவாகரத்து ஆனாலும் பெற்ற தகப்பனின் உரிமை தானாகப் போகாது, தத்துக்குப் பொதுவாக அவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். (ஜீவனாம்சமே தராத ஆளிடம் கையெழுத்துக்கு அலைவதா என்ற எரிச்சல் எனக்கும் உண்டு.)

2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைப்படி பதிவு செய்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும் மனுவுக்கு உத்தரவு போடுவது கலெக்டர், முன்பு மாதிரி கோர்ட் இல்லை. அப்புறம் சொத்து: தத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்தது பிள்ளைக்கே.

திருமணப் பதிவு நடக்கும் சார்பதிவாளர் அலுவலகங்களில் இதை ஒரு போர்டில் எழுதி வைக்கக் கூடாதா?

– ஒரு வாசகி, திருமங்கலம்