எந்த விலங்கு, எத்தனை மணி நேரத்துக்குள்?

மூளை ஆய்வு நிறுவனங்களின் செய்திப் பிரிவினருக்கும், அவர்கள் எழுதும் அறிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். ஸ்ட்ரோக்கில் மூளையைக் காக்கும் புரதம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் போன வாரமும் ஒரு செய்தி வந்தது. புரதத்தின் பெயர் மட்டும்தான் புதிது. சோதித்தது எலியில் என்பது செய்தியின் கடைசிப் பகுதியில் இருந்தது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்ட எவ்வளவு நேரத்துக்குள் கொடுத்தார்கள் என்பது எங்குமே இல்லை.

உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. ரத்தம் நின்ற இடத்தின் நடுப்பகுதி நிமிடக் கணக்கில் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி சில மணி நேரம் உயிருக்கு ஊசலாடும். ஹெச்எஸ்பி70 போன்ற புரதங்கள் அங்கே பெருகி, உருக்குலைந்த மற்ற புரதங்களை நிமிர்த்தவும், செல்கள் தாமாகவே மடிவதைத் தடுக்கவும் பார்க்கும். இதெல்லாம் நீங்கள் எழுதித்தான் எனக்கே தெரியும். அந்த நேரம் கடந்துவிட்டவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் ஏன் ஒரு வரி எழுதுவதில்லை?

என் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போய் ஆண்டுகள் ஆகின்றன. படிப்பது ஓரளவு மிஞ்சியிருக்கிறது. இப்படி ஒரு செய்தி வந்தால் இடது கையால் பேப்பரைத் தூக்கிக் காட்டுவார். அப்புறம் பயிற்சிக்கு வரமாட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றாலும் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார். மருந்துதான் வரப்போகிறதே, விரலை மடக்கி மடக்கி எதற்கு நோக வேண்டும் என்பது அவர் கணக்கு. "இது உங்களுக்கு இல்லப்பா" என்று சொல்லும் வேலை எங்கள் தலையில் விழுகிறது. பயிற்சி நின்றதும் கை இறுகிக்கொள்ளும். அதை மறுபடி இளக்குவதற்குள் அவர் படும் வலியை நாங்கள்தான் பார்க்கிறோம். உங்கள் தலைப்பில் பொய் இல்லைதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. எந்த விலங்கு, அடைப்புக்கு முன்பா பின்பா, எத்தனை மணி நேரத்துக்குள் என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

'முன்பா' என்பதைச் சும்மா கேட்கவில்லை. ஹெச்எஸ்பி70 பிறவியிலேயே அதிகமாக உருவாகும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குச் சில ஆய்வுகளில் மூளைச் சேதம் குறைந்தது. சந்தோஷம். ஆனால் மனிதர்கள் யாரும் இப்படி முன்னேற்பாட்டோடு ஸ்ட்ரோக்கை வரவேற்பதில்லை. வயதான, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள விலங்குகளிலும் சோதியுங்கள் என்று 2009இல் உங்கள் துறையினரே பரிந்துரைத்தார்கள். இளமையும் ஆரோக்கியமும் உள்ள ஆண் எலிகளைப் போன்ற நோயாளிகள் எந்த ஸ்ட்ரோக் வார்டில் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆய்வகத்திலிருந்து மனிதருக்கு வரும் வழியில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விலங்குகளில் மூளையைக் காத்த எரித்ரோபொயட்டின் என்ற, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோனை 522 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2009இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 16.4 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 9 சதவீதம். 2020இல் நெரினெடைட் என்ற சிறு புரதத்துண்டு 1,105 பேரிடம் சோதிக்கப்பட்டு, மொத்தத்தில் பலன் காட்டவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் ஊசியே உடலில் ஒரு நொதியைத் தூண்டி, அந்தப் புரதத்துண்டை வெட்டிப்போடுகிறது என்று தெரியவந்தது. தோற்றதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. இந்தச் சோதனைகளுக்கு உடம்பைக் கொடுத்தவர்களும் எங்களைப் போன்ற குடும்பத்தினர்தான். எலி பிழைத்தபோது கிடைத்த பெரிய எழுத்துத் தலைப்பு, மனிதரிடம் பலிக்காதபோது எங்கே போனது?

கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன். ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை. நம்பிக்கை தராதீர்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த அறிக்கை இப்போதே உங்கள் மேசையில் தயாராகிக்கொண்டிருக்கலாம். அனுப்புவதற்கு முன்னால் விலங்கு, முன்பா பின்பா, எத்தனை மணி நேரம் ஆகிய மூன்றையும் முதல் பத்தியில் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ட்ரோக் வந்த ஒருவரின் மகள்