ரெண்டு மூடைக்கு ரெண்டு கிலோ குறைவு

அண்ணா,

நிறை குறைக்கிற ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம், கொழும்பில், அரச வைத்தியசாலையில். ஸ்லீவ் இல்லை, பைபாஸ்.

இதைப் போனில் சொன்னால் முதல் வசனத்திலேயே நீங்கள் சத்தம் போடுவீர்கள், இரண்டாவதில் நான் அழுவேன், மூன்றாவதில் அண்ணி போனை வாங்கி "சாப்பிட்டீங்களா" என்று கேட்பா. போன மூன்று தடவையும் அதுதானே நடந்தது. அதனால் எழுதுகிறேன். ஏன் ஊர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறாய் என்பீர்கள். தனியாக எழுதினால் கையில் வந்ததையெல்லாம் எழுதிவிடுவேன். இங்கே மாமி வாசிப்பா, என்னிடம் படித்த பிள்ளைகள் வாசிப்பார்கள், கொஞ்சம் அடக்கம் வரும். உங்களுக்கும் வரும்.

நாளை மறுநாள் அம்மாவின் திவசம். அம்மாவின் காலைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

முதலில் மன்னிப்பு. ஸ்லீவ் செய்யச் சென்னைக்குப் போகிற அன்று காய்ச்சல் என்று சொன்னது பொய். காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. பெட்டி கட்டி முன் விறாந்தையில் வைத்திருந்தது, வேன்காரருக்கும் சொல்லியாயிற்று. விடிய மூன்று மணிக்கு எழும்பி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இவரை எழுப்பி "நான் போகல்ல" என்றேன். இவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, வேன்காரருக்குப் போன் எடுத்தார். நீங்கள் கட்டிய முற்பணம் திரும்பி வராது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அந்தக் காசை மாதாமாதம் தருகிறேன் என்று சொன்னதற்கு நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம், தருவேன்.

ஆனால் நான் ஏன் போகவில்லை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? "பயந்துட்டா" என்று நீங்களே முடிவெடுத்து, அண்ணியிடம் சொல்லி, அண்ணி இங்கே எல்லாரிடமும் சொல்லி, கடைசியில் மரக்கறி விற்கிற பெட்டைகூட "பயப்படாதீங்க டீச்சர், நல்லா மயக்கித்தான் வெட்டுவாங்க" என்கிறாள்.

சரி. நெல் ஆலைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது ஒன்றும் சொல்ல வராது.

நீங்கள் சுவிஸிலிருந்து கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு வந்து நின்ற வருடம். சென்னைக் கிளினிக்காரர்கள் வட்ஸ்அப்பில் நிறை கேட்டார்கள். வீட்டுத் தராசில் ஏறினால் 120க்கு மேல் நம்பர் காட்டாது, ஏதோ இரண்டு எழுத்துத்தான் வரும். வைத்தியசாலைக்குப் போகலாம் என்றேன், அங்கே கிளினிக் வரிசையில் பாதிப்பேர் நம்முடைய ஆட்கள் என்று நீங்கள்தான் வேண்டாமென்றீர்கள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னீர்கள். இருட்டின பிறகு மோட்டார் சைக்கிளில் ஏற்றி, வயல் பாதையால் சம்மாந்துறைப் பக்கம் கூட்டிப்போனீர்கள். வேலை முடிந்து மெஷின் எல்லாம் நின்றிருந்தது. உள்ளே ஒரேயொரு பல்ப், அதைச் சுற்றி உமித்தூசி. மூடை நிறுக்கிற அந்தத் தட்டுத் தராசு, மூடை தூக்குகிற நாட்டாமை ஒருவர், நீங்கள், நான். "செருப்பக் கழட்டுங்க டீச்சர்" என்றார் அவர். கழற்றினேன். இரும்புத் தட்டில் சிந்திக்கிடந்த நெல் உள்ளங்காலில் குத்தியது. அவர் கம்பியில் குண்டைத் தள்ளினார், இன்னும் தள்ளினார், நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினார், கம்பி ஆடி நின்றது. 128.

அங்கே மூடை 65 கிலோவில் கட்டியிருந்தார்கள். நீங்கள் அடுக்கைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், "ரெண்டு மூடைக்கு ரெண்டு கிலோ குறைவு" என்றீர்கள்.

நாட்டாமை சிரிக்கவில்லை அண்ணா. அவர் துண்டில் நம்பரை எழுதி, உங்களிடம் தராமல் என் கையில் தந்தார். நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கி சேர்ட் பொக்கெட்டில் வைத்தீர்கள். திரும்பி வரும்போது வழி நீளத்துக்கும் "பகிடிக்குச் சொன்னனான் மனே, கோவிக்காத" என்றீர்கள். கோபம் இல்லை என்றேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, டயர் தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அந்தத் துண்டின் படம் குடும்பக் குழுவில் வந்தது. கிளினிக்குக்கு அனுப்பப்போய் மாறி விழுந்தது, தெரியும். நாலு நிமிசத்தில் அழித்தீர்கள். நாலு நிமிசம் நம்முடைய சனத்துக்கு நிறையக் காணும். (மாமி, உங்களைச் சொல்லவில்லை.)

இனி ஏன் ஸ்லீவ் இல்லை என்று.

உங்களுக்கு ஸ்லீவ் நன்றாகப் பிடித்தது, 38 கிலோ குறைந்தீர்கள், அந்தப் படங்களைப் பார்த்து இந்த வீட்டில் அதிகம் சந்தோசப்பட்டது நான்தான். ஆனால் உங்களுக்குச் சீனி வருத்தமும் இல்லை, நெஞ்செரிவும் இல்லை. எனக்கு இரண்டும் இருக்கிறது. சென்னைக்காரர்கள் நிறை கேட்டார்கள், உயரம் கேட்டார்கள், பாஸ்போர்ட் கேட்டார்கள், இந்த மாதத்துக்குள் கட்டினால் இவ்வளவு கழிவு என்றார்கள். நெஞ்சு எரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சென்னையில் நல்ல டொக்டர்மார் இல்லையென்று நான் சொல்லவரவில்லை, அதற்கும் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நமக்குக் கிடைத்தது டொக்டர் இல்லை, விலைப்பட்டியல்.

கொழும்பு டொக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள் என்பது.

நான் முழித்தேன். மூன்று, என்றேன். ஏன் மூன்று? சமமாகப் படுத்தால் நடுச்சாமத்தில் புளித்தண்ணி தொண்டைக்கு வரும், இருமி எழும்புவேன். எத்தனை வருசம்? அஞ்சாறு. அவ்வளவுதான், மனுசன் பேனையை வைத்துவிட்டு முதலில் எண்டோஸ்கோபி என்றார். பார்த்தால் களத்தின், அதுதான் சாப்பாடு இறங்குகிற குழாயின், அடிப்பகுதி புண்பட்டிருக்கிறது, இரைப்பையின் மேல்பக்கம் கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது. ஹயேற்றல் ஹேர்னியா என்று எழுதினார். கேட்டால் ஸ்லீவும் செய்யலாம், ஆனால் இந்த வயிற்றுக்கு நான் செய்யமாட்டேன் என்றார்.

அவருக்குத் தமிழ் சொற்பம், என் சிங்களம் பஸ்ஸுக்குக் காணும். நேர்ஸ் ஒரு பிள்ளை மொழிபெயர்த்தா. மிச்சத்தை அவர் கிளினிக் தாளின் பின்பக்கம் கீறிக் காட்டினார். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் நூற்றுக்கு எண்பது பங்கு போல வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். கீழ்வாசல் பழையபடி மூடிக்கொள்ளும், மேலே இடம் குறைவு, அமுக்கம் கூட. அதனால் ஏற்கெனவே எதுக்களிக்கிறவருக்கு அது இன்னும் கூடலாம். பைபாஸில் மேலே முட்டையளவு ஒரு பை, 30 மில்லி லீட்டர் பிடிக்கும், அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து நேரே பொருத்துகிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும், அதன் புளி மேலே வர வழியில்லை. நான் பதினொரு வருசமாகச் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கிறேன் அண்ணா, அந்தத் தாளில் கீறினபோதுதான் அது என்னுடைய வயிறு என்று விளங்கியது.

"குடலை வெட்டித் திருப்புறது பொல்லாத வேலை, சுவிஸ்ல எல்லாரும் ஸ்லீவ்தான்" என்றீர்களே. உங்கள் சுவிஸில்தான் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். 217 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறு பாதிக்கு பைபாஸ், 5 வருடம் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்டார்கள். நிறை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்செரிவுதான் வித்தியாசம். முன்னமே எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவ் செய்த 100 பேருக்கு 32 பேர் போல அது கூடிப்போனது, பைபாஸில் 6 பேருக்கு. இதை வாசித்த அன்று உங்களுக்கு அனுப்ப எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வென்றுவிட்டேன் என்று காட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது எல்லாருக்கும் முன்னால் காட்டுகிறேன், அதுவும் சரியில்லைத்தான்.

பைபாஸில் நட்டம் இல்லையென்று இல்லை. என் முழங்கால் குளிசை இனி இல்லை, டைக்ளோபெனாக் மாதிரி நோக்குளிசை எதையும் தொடக்கூடாது, பொருத்தின இடத்தில் புண் வரும். பி12, இரும்பு, கல்சியம் சாகும்வரை. வருடா வருடம் இரத்தம் சோதிக்க வேண்டும். உள்ளே விட்ட இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் பிறகு எட்டிப் பார்க்கவும் முடியாது. உள்ளுக்குள் குடல் கொளுவிக்கொள்ளலாம், வருடங்கள் கழித்தும் நடக்கலாம். ஒப்பரேஷனில் ஆள் போகிறது ஆயிரத்தில் ஒன்று அளவு என்றார். அந்த ஒன்றைத்தான் நீங்கள் இரவில் யோசிப்பீர்கள், நானும்தான்.

அப்புறம் தயிர். சட்டித்தயிரில் கித்துள் பாணி ஊற்றி, நீங்களும் நானும் சட்டி ஓரத்தில் ஒட்டினதைக் கரண்டியால் சுரண்டி, யாருக்குக் கூட என்று அடிபட்டது. அந்த இனிப்பு இனி நேரே குடலுக்குள் இறங்கினால் நெஞ்சு படபடத்து, வேர்த்து, படுக்க வேண்டி வருமாம், டம்பிங் என்கிறார்கள். பாணி விடாமல் தயிர் சாப்பிடலாமாம். பாணி இல்லாமல் என்ன தயிர்.

நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த டொக்டரைப் பிடிக்கவில்லை. மூன்று பேரிடம் போனேன். அக்கரைப்பற்று பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குக் காசு கட்டி இரவிரவாகப் போய், காலையில் பார்த்து, அன்றிரவே திரும்பி. கொப்பியில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனேன். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், பொருத்தின இடம் கசிந்தது எத்தனை பேருக்கு, நான் காரைதீவில் இருந்து இரவு இரண்டு மணிக்கு நோவென்று எடுத்தால் யார் பேசுவார். ஒருவர் இரண்டாவது கேள்விக்குக் கோபப்பட்டார். இன்னொருவர் தனக்குக் கசிந்ததே இல்லை என்றார், அதைக் கேட்டு எனக்குத்தான் பயம் வந்தது. இவர் மட்டும் எண்ணிக்கையைச் சொன்னார். கசிந்த ஒருவரை வார்டில் நாற்பது நாள் வைத்திருந்து சுகப்படுத்தியதையும் சொன்னார். நாடித்துடிப்புக் கூடினால், தோள்மூட்டு நொந்தால் காத்திருக்காமல் உடனே வா, இதுதான் போன் நம்பர் என்று எழுதித் தந்தார். சென்னையில் ஐந்தாம் நாள் பிளேன் ஏற்றிவிட்டால் ஆறாம் நாள் நான் யாரிடம் போவேன்? உங்களிடமா?

இந்த வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஏனென்றால் கோபம் அதில்தான். எத்தனை கிலோ, எத்தனை கிலோ என்று பத்து வருடமாகக் கேட்டீர்கள். எப்படிப் படுக்கிறாய் என்று யாரோ ஒரு சிங்கள டொக்டர் கேட்கவேண்டி இருந்தது.

இல்லை, அப்படிச் சொன்னாலும் பிழை. அந்தக் குளிர்த்தி நேரம் மூன்று கிழமை பக்கத்து அறையில்தான் படுத்தீர்கள். நான் இருமுகிற சத்தத்துக்கு எழும்பி, லைட்டைப் போடாமல் குசினிக்குள் தடவித் தடவி, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தீர்கள். ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். சளி என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குடித்துவிட்டுப் படுக்க இன்னும் மேலே வரும். சொன்னால் நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றேன். ஆக அதிலும் ஒரு பொய் என்னுடையது.

ஒப்பரேஷனுக்கு முன்னால் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், கடைசி இரண்டு கிழமை மா, சீனி, எண்ணெய் எல்லாம் நிறுத்தினால் ஈரல் சுருங்கி அவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்குமாம். அதனால் போன சனிக்கிழமை நெல் ஆலைக்குப் போனேன். பகலில், ஓட்டோவில், தனியாக. அதே நாட்டாமைதான். முழு ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது, பத்துப்பேர் நின்றார்கள். செருப்பை நானே கழற்றினேன். அவர் நிறுத்து, துண்டில் எழுதி மடித்துத் தந்துவிட்டு, "அண்ணன் வரல்லையா?" என்று கேட்டார்.

நம்பரை இங்கே எழுதமாட்டேன். குழுவிலும் வராது. துண்டு அலுமாரியில் இருக்கிறது. வார்டில் ஒரு ஆள் நிற்கலாமாம், இவருக்கு அந்தக் கிழமை சோதனை மண்டப வேலை. லீவு கிடைத்தால் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். வந்தால் சொக்லேட் மட்டும் கொண்டுவராதீர்கள்.

தங்கச்சி