ஐயாயிரத்தோடு முடிகிற கணக்கா இது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரி ரிட்டர்னைக் கெடுவுக்குள் போடத் தவறியவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பயந்துபோய் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1,000 ரூபாய் என்று எழுதியிருந்ததெல்லாம் சரிதான். ஆனால் படித்து முடித்தவர் ‘ஐயாயிரம்தானே, கட்டிவிட்டுப் போகலாம்’ என்று டிசம்பர் கடைசி வாரம் வரை சும்மா இருந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டதை எழுதுகிறேன்.

தாமத ரிட்டர்னில் பழைய வரிமுறை, அதாவது வாடகை, சேமிப்பு போன்றவற்றைக் கழித்துக்கொண்டு வரி போடும் முறை, கிடையாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு) புதிய வரிமுறைதான் இயல்பானது. பழையது வேண்டும் என்றால் கெடுவுக்குள் போடுகிற ரிட்டர்னில் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கெடு போய்விட்டால் அந்த உரிமையும் போய்விடும். அப்புறம் வீட்டு வாடகைப்படி, 80சி பிரிவுச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி என்று ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்த ரசீதுகளுக்கு வேலையே இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் கணக்கைச் சொல்கிறேன். தொகைகளை மட்டும் முழு எண்களாக்கி இருக்கிறேன். 2024-25 நிதியாண்டில் சம்பளம் 12 லட்சம். வாடகைப்படியில் 2 லட்சம், 80சி-யில் ஒன்றரை லட்சம், கல்விக் கடன் வட்டி 1 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலைக்கழிவு 50,000. எல்லாம் போக வரிக்கு உட்பட்டது 6.75 லட்சம். பழைய வரிமுறையில் செஸ் என்ற கூடுதல் தீர்வையோடு சேர்த்து வரி 49,400 ரூபாய். அவருடைய நிறுவனம் அதைச் சரியாகப் பிடித்துக் கட்டியும்விட்டது. வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்றான ஃபார்ம் 16-ல் பாக்கி ஒரு பைசா இல்லை. பாக்கி இல்லாததால்தான் அவரும் அலட்சியமாக இருந்தார்!

கெடு நாளான 2025 செப்டம்பர் 16 போனது. டிசம்பரில் உட்கார்ந்து போட்டால் புதிய வரிமுறைதான். கழிவு என்று கிடைப்பது 75,000 ரூபாய் நிலைக்கழிவு மட்டுமே. 11.25 லட்சத்துக்கு வரி 71,500 ரூபாய். ஆக, கூடுதலாக 22,100. அதன் மேல் தாமதக் கட்டணம் 5,000. அட்வான்ஸ் வரி குறைவாகக் கட்டியதாகக் கணக்காகி அதற்கும் வட்டி, தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி. ஒரு பைசா பாக்கி இல்லாதவர் 27,000-க்கு மேல் கட்ட வேண்டிய நிலை. “ஏப்ரலிலேயே கம்பெனியில் ஓல்டு ரெஜிம் என்று எழுதிக் கொடுத்தேனே சார்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொடுத்தது உண்மைதான். அது சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு மட்டும். வரித்துறையிடம் பழைய முறையைக் கேட்கும் இடம் ரிட்டர்ன்தான்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. கெடுவுக்குள்ளேயே ரிட்டர்னைப் போட்டுவிட்டு ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்யாமல் விட்டவர்கள் நிறையப் பேர். போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். அதைத் தாண்டிச் செய்தால், செய்த நாளைத்தான் ரிட்டர்ன் போட்ட நாளாகத் துறை எடுத்துக்கொள்ளும். செப்டம்பரில் போட்டு நவம்பரில் வெரிஃபை செய்தவரும் தாமதக்காரர்தான். இதைப் படிப்பவர்கள் போர்ட்டலில் ஒருமுறை நுழைந்து, தங்கள் ரிட்டர்ன் வெரிஃபை ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர்களுக்கு ஒரு வரி: தாமத ரிட்டர்ன் போட்டால் அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வீட்டுச் சொத்து வகையில் வரும் நஷ்டத்துக்கு இந்தத் தடை இல்லை.

இனி ஓய்வூதியர்கள் விஷயம். எனக்கு ஆற்றாமை இங்கேதான் அதிகம். ஒரு பெரியவருக்கு 2024-25 நிதியாண்டில் பென்ஷனும் வைப்புநிதி வட்டியுமாக, கழிவு போக மொத்த வருமானம் 5.2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வருமானம் வரை வரியையே நீக்கிவிடும் 87ஏ தள்ளுபடி இருப்பதால் புதிய வரிமுறையில் அவருக்கு வரியே இல்லை. ஆனால் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குக் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுக்க மறந்ததால், 90,000 ரூபாய் வட்டியில் வங்கி 9,000 ரூபாயை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிட்டது. அது அவர் பணம், திரும்பி வர வேண்டியது. தாமத ரிட்டர்ன் போட்டால் அந்த 9,000-ல் 5,000 கட்டணமாகக் கழிந்து, கைக்கு வருவது 4,000. வரி இல்லாதவருக்கு எதற்குக் கட்டணம் என்றால், தள்ளுபடியைப் பார்க்காமல் மொத்த வருமானத்தை வைத்தே 234எஃப் பிரிவு கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருப்பவர்களுக்குத்தான் பொதுவாக அது கிடையாது. ஐந்து கோடி சம்பாதிப்பவர் தாமதித்தாலும் அதே 5,000தான். இது என்ன நியாயம்?

டிசம்பர் 31-ம் போய்விட்டால் அந்த 4,000-மும் இல்லை. ‘அப்டேட்டட் ரிட்டர்ன் இருக்கிறதே, நான்கு ஆண்டு அவகாசமாமே’ என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது கூடுதல் வரி கட்டுகிறவர்களுக்கான வழி. 25 முதல் 70 சதவீதம் வரை மேல்வரி வைத்து வாங்கிக்கொள்வார்கள். ரீஃபண்ட் கேட்க அதில் இடமில்லை. ரீஃபண்டுக்கு மிஞ்சுவது 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடுவதுதான். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் போடலாம். காரணம் நியாயமாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி, மரணம் போன்றவற்றுக்கு ஆதாரம் வேண்டும். ஒன்பதாயிரத்துக்காக எழுபது வயதுக்காரர் அந்த அலைச்சலுக்குத் தயாராவாரா?

கெடு நீளும் என்ற நம்பிக்கையும் நம்மைச் சோம்பேறி ஆக்கிவிட்டது. 2025-ல் ஜூலை 31 செப்டம்பர் 15 ஆகி, பிறகு ஒரு நாள் கூடி 16 ஆனது. அதற்கு முந்தைய முறை மும்பை உயர் நீதிமன்றத்தில் 87ஏ தொடர்பாக வந்த வழக்கால் 2024 டிசம்பர் 31 கெடுவும் 2025 ஜனவரி 15 வரை போனது. அப்படி நீண்டாலும் கூடுதல் நாள் கிடைப்பது தாமத ரிட்டர்னுக்குத்தான், பழைய வரிமுறை திரும்ப வராது.

வருமான வரித் துறை கெடுவுக்கு முன்பு நமக்குக் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அதில் ‘தாமதித்தால் பழைய வரிமுறை கிடைக்காது’ என்று ஒரு வரி, தமிழிலும், சேர்த்தால் என்ன? அப்புறம், வரி பாக்கி எதுவும் இல்லாமல் ரீஃபண்ட் மட்டும் வர வேண்டிய மூத்த குடிமக்களுக்குத் தாமதக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும். கேட்டால் நடக்காது என்று சொல்ல முடியாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் என்ற ஷரத்து புதிய வருமான வரி மசோதாவில் முதலில் இருந்தது. எதிர்ப்பு வந்தது, நாடாளுமன்றத் தேர்வுக் குழு நீக்கச் சொன்னது, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வர 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறிக்கப்பட்டது. வரப்போகும் பட்ஜெட்டிலேயே இந்தக் கட்டணத்தையும் திருத்தலாம். தங்கள் பத்திரிகை இதை ஒரு தலையங்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்