மூன்றை விட்டுவிடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். நான்கு நாள் விடுமுறைக்குக் கொடைக்கானல், ஊட்டி, வெலிங்டன், திரும்பும் வழியில் கோயம்புத்தூர் என்று நான்கு கோல்ஃப் மைதானங்களை எழுதி, நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றை விட்டுவிடு. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே இரண்டு முறை ஆடுங்கள்.

வரைபடத்தில் கொடைக்கானலும் ஊட்டியும் பக்கத்துப் பக்கத்து மலைகளாகத் தெரியும். ஆனால் பழனிக்கு இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று போய் மறுபடி மலை ஏற ஒரு பகல் முழுவதும் காரிலேயே கழிந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி இறங்கும் உன் தோழிக்கும் அவள் கணவருக்கும் மறுநாள் காலையில் மட்டையைப் பிடிக்கவே மனம் வராது.

அமெரிக்காவில் இருப்பதுபோல 'பொது மைதானம்', 'ரிசார்ட் மைதானம்' என்று இங்கேயும் இருக்கும் என நினைத்துத்தான் தேடியிருக்கிறாய் என்று தெரிகிறது. பெத்பேஜ் நியூயார்க் மாநில அரசுக்குச் சொந்தம், டோரி பைன்ஸ் சான் டியேகோ நகராட்சிக்குச் சொந்தம், காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி 2002-இல் பெத்பேஜிலும், 2008-இல் டோரி பைன்ஸிலும் நடந்தது என்று நீ சொன்னபோது எனக்கு மலைப்பாக இருந்தது. பெபிள் பீச்சிலும் யாரும் ஆடலாம். ஆனால் அங்குள்ள விடுதியில் தங்குபவர்களுக்கு முன்னுரிமை என்றாய். நம் மலைகளில் கணக்கு வேறு. பெயர் பெற்ற மூன்று மைதானங்களும் கிளப்புகளின் கையில்தான் இருக்கின்றன. எனவே விடுதியில் அறை போட்டுவிட்டதாலேயே ஆட இடம் கிடைத்துவிடாது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு எந்தெந்த நாள், என்ன கட்டணம், போட்டி ஏதும் நடக்கிறதா, காலர் வைத்த சட்டை கட்டாயமா என்று கிளப்பிலேயே நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு அறை போடு. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெலிங்டன் ராணுவப் பகுதி. வெளிநாட்டு நண்பர்களோடு வரும்போது அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்காமல் அதை நம்பித் திட்டம் போடாதே. ஊட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வென்லாக் டவுன்ஸ் புல்வெளி மேடுகள் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. ஆனால் நீ சொல்லும் டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். பனி உறைந்த புல்லில் கால் வைத்தால் இலை நொறுங்கிக் கருகிவிடும், மிதித்த தடம் பல நாள் மறையாது. ஆகவே வெயில் ஏறிப் பனி உருகும்வரை காத்திருப்பதுதான் முறை. நான்கு நாளில் காலைகளை அப்படி இழக்க வேண்டுமா என்று யோசித்துப் பார்.

நான் சொல்வது கொடைக்கானலைத்தான். அப்பாவின் ஊர்ப்பாசம் இதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை. 1895-இல் தொடங்கிய கிளப், 18 குழி, பசுமைப் பள்ளத்தாக்கை ஒட்டிய மேடுபள்ளமான நிலம். நான் அங்கே பை தூக்கியவன் என்பதால் அந்தச் சரிவுகள் என் காலுக்குத் தெரியும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்துக்குத் தடை குறைவதால், நியூ ஜெர்சியில் 150 கஜம் போகும் அடி இங்கே 160 கஜத்தைத் தாண்டும். முதல் நாள் உங்கள் எல்லோருடைய பந்தும் குழியைத் தாண்டித்தான் போய் விழும். அதோடு விடியற்காலைக் குளிரும் ஈரப்புல்லும் தூரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும். காலையில் எடுத்த மட்டையே பத்து மணிக்குச் சரிவராது. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில், கண்ணுக்கு மேடாகத் தெரிவது உண்மையில் இறக்கமாக இருக்கும். பந்து பள்ளத்தாக்குப் பக்கம் சாயப் பார்க்கும். இதெல்லாம் பிடிபடவே ஒரு ஆட்டம் வேண்டும். இரண்டாவது நாள்தான் உண்மையில் விளையாடுவீர்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காட்டுமாடு பற்றி மாப்பிள்ளை கேட்டாராம். வரும். மந்தையாக வந்து புல்வெளியில் நிற்கும், சில நேரம் கிரீன் மேலேயே நடந்துபோகும். ஈரத்தில் அதன் குளம்பு பதிந்த இடம் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, ஓரம் வரப்புபோல மேலெழும்பி நிற்கும். முன்பெல்லாம் கிரீனில் பந்து போகும் பாதையில் அந்தக் குளம்புத் தடம் இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆட்டக்காரர் அதைத் தொட விதி இடம் கொடுக்காது. 2019-இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது கிரீனில் உள்ள தடமானால், சுற்றிலும் புல்லை நடுப்பக்கம் நெருக்கி, காலணியால் மெல்ல அழுத்திச் சரிசெய்துவிட்டு அடிக்கலாம். நடுவை நெம்பித் தூக்கக் கூடாது, வேர் அறுந்துவிடும். மாடு பந்துக்குப் பக்கத்திலேயே நின்றால், ஆபத்தான விலங்கு என்ற விதிப்படி அபராதம் இல்லாமல் வேறு இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். பந்து போனால் போகட்டும், படம் எடுக்க யாரும் கிட்டே போகக் கூடாது. உன் தோழியிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவை.

பை தூக்கி வழி சொல்ல ஆளுக்கொரு கேடி (caddie) வைத்துக்கொள்ளுங்கள். செலவைப் பார்த்து இருவருக்கு ஒருவர் என்று குறைக்காதே. ஏற்றத்தில் இரண்டு பை தூக்குகிறவனுக்கு மூச்சு வாங்குமே தவிர, உனக்கு வழி சொல்ல வாய் வராது. அவர் சொல்கிற கோட்டில் ஒருமுறையாவது நம்பி அடி. கூலியை அன்றன்றைக்கே கையில் கொடு. பெரியவர்களாக இருந்தால் அண்ணன் என்று கூப்பிடு. நீ யார் வீட்டுப் பெண் என்பது அவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். என் மகள் ஆட்டம் தொடங்கும் அந்த முதல் டீ மேட்டில் ஆட வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஏரிச் சாலையில் கார் நகராது. வடகிழக்குப் பருவமழையின் மிச்சமும் மூடுபனியும் சேர்ந்தால் அடித்த பந்து விழுந்த இடமே தெரியாது. பொங்கல் முடிந்த பிறகு வாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல். கிளப்பில் நானே நேரில் போய்க் கேட்டு எழுதுகிறேன். அம்மா உன் நண்பர்கள் காரம் சாப்பிடுவார்களா என்று கேட்கிறாள், அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா