மூன்று நாள் பூட்டினால் போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய அணிகள் பயிற்சி மைதானத்தின் கதவைச் சாத்திக்கொள்வது சரிதான் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரகசியம் காக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதை, எத்தனை நாள் என்று ஒரு வரி கூட இல்லையே.

யோசித்துப் பார்த்தால் மறைக்க வேண்டியது கொஞ்சம்தான். கார்னர் கிக்கில் யார் எங்கே ஓடுவது, யாருக்குக் கால் பிடித்திருக்கிறது, நாளைய பதினோரு பேர் யார். மற்றபடி ஓட்டம், பாஸ், வட்டமாக நின்றுகொண்டு நடுவில் மாட்டியவரை அலையவிடும் ஆட்டம், இதைப் பார்த்து எந்த எதிரணி ஜெயித்துவிடப் போகிறது?

2019 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் கால்பந்து அணிப் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா, எதிரணியான டெர்பி கவுன்டியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பி மாட்டினார். எல்லா எதிரணிகளையும் இப்படித்தான் பார்த்தேன் என்று அவரே சொல்லியும்விட்டார். 2 லட்சம் பவுண்டு அபராதம். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று அப்புறம் விதியும் வந்தது. அதாவது ரகசியத்தின் ஆயுளே மூன்று நாள்தான் என்று விதி போட்டவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. (வேவு பார்த்த லீட்ஸை அதே டெர்பிதான் மே மாதம், மேல் லீகுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃபில் வெளியேற்றியது, அது தனிக்கதை.) 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடா பெண்கள் கால்பந்து அணிக்கு 6 புள்ளி போனதும் நியூசிலாந்து பயிற்சிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டதால்தான். கதவைச் சாத்தலாம், வானத்தை என்ன செய்வது?

கூட்டம் தொந்தரவு செய்கிறது என்றால் மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். 2024 டிசம்பர் அடிலெய்டு டெஸ்டுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் வந்து, வலைப்பயிற்சியில் இருந்த இந்திய வீரர்களைப் பார்த்துக் கத்தியும் கேலி செய்தும் படுத்தியதில், அந்தத் தொடரில் இனி திறந்த பயிற்சியே வேண்டாம் என்று அணி முடிவெடுத்தது. நியாயம்தான். அதற்காக எல்லாரும் எப்போதும் வெளியே நிற்க வேண்டுமா? ஜெர்மனியில் பல கால்பந்து கிளப்புகள் எந்தப் பயிற்சிக்கு ரசிகர்கள் வரலாம், எதற்கு வரக்கூடாது என்று முன்கூட்டியே அட்டவணையில் போட்டுவிடுகின்றன. அவ்வளவு சுலபம்.

ஒருமுறை ஒரு பெரிய அணியின் பயிற்சியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எல்லாரும் உள்ளே போன பிறகும் இரண்டாவது கோல்கீப்பரும் ஒரு கோச்சும் மட்டும் இருந்தார்கள். கோச் அதே இடது மூலைக்கே பந்தை உதைக்க, இவர் விழுந்து, எழுந்து, கையுறையைத் தட்டிக்கொண்டு, இன்னொன்று என்று சைகை காட்டினார். நாற்பதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த வார ஆட்டத்தில் அவர் பெஞ்சில்தான் இருந்தார், கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி மூன்று நாள் பூட்டிக்கொள்ளட்டும். மீதி நாட்களில் ஒரு காலைப் பொழுதையாவது திறந்துவிடச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர்